‘வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கு உரிமை? ஜூகன் பள்ளத்தாக்கு எழுப்பிய கேள்வி

2014-ல், மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், ஒரு பாறைப் புடவுக்குள் (குகை மாதிரிக் குடைந்திருக்கும் பாறை ஒதுங்கிடம்) மண்ணை அடுக்கடுக்காக வழித்தெடுத்துக்கொண்டிருந்த தொல்லியல் குழுவுக்குச் சின்னப் பின்னல் துண்டு ஒன்று கிடைத்தது. மனிதத் தலைமுடியில் பின்னியது. பல பேருடைய முடியைச் சேர்த்து முறுக்கி இடுப்பில் கட்டிக்கொண்ட கயிற்றின் மிச்சம். நம் ஊர் அரைஞாண் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வயது சுமார் 4,000 ஆண்டு. மரபணுவைச் சோதித்தபோது, அந்த முடிக்குச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அதே மண்ணுக்கு உரியவர்களாக இருக்கும் மக்களின் முன்னோர் என்று தெரியவந்தது.

ஆறு ஆண்டு கழித்து, 2020 மே 24, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் புடவு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பக்கத்தில் இருந்த இன்னொன்றும் சேர்ந்து போனது. ஜூகன் 1, ஜூகன் 2 என்று தொல்லியல் பதிவுகளில் பெயர் பெற்ற இடங்கள் அவை. 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்து தங்கிப்போனதற்கான தடயம் அங்கே இருந்தது. பனியுகத்தின் கடும் வறட்சியில்கூட ஆட்கள் கைவிடாத இடம். கங்காரு எலும்பைக் கூராக்கிச் செய்த 28,000 ஆண்டுப் பழைய கருவி ஒன்றும், அரைக்கும் கற்களுமாக, மொத்தம் 7,000 தொல்பொருள்கள் அந்த அகழாய்வில் வெளிவந்தன. தகர்த்தது ரியோ டின்டோ நிறுவனம், தன் புரோக்மேன் 4 இரும்புத்தாதுச் சுரங்கத்தை விரிவாக்குவதற்காக.

செய்தி உலகம் முழுக்கப் போனது. நிறுவனத்தின் பேராசை என்று பலர் எழுதினார்கள். சரிதான். ஆனால் இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது வேறு: எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. அனுமதி முறையாக விண்ணப்பித்து, முறையாகப் பெறப்பட்டிருந்தது. அனுமதி தந்த சட்டத்தின் பெயரோ ‘பூர்வகுடி மரபுச் சட்டம், 1972’. காப்பதற்கு வந்த சட்டத்தின் வழியாகவே ஓர் இடம் எப்படித் தரைமட்டமாக முடியும்? ஆஸ்திரேலியாவில் மரபிடப் பாதுகாப்பு எப்படி இயங்குகிறது என்பது இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அந்த மக்கள். பூட்டு குன்ட்டி குர்ரமா, பினிகுரா என்று இரண்டு குழுவினர். இருவரையும் சேர்த்துப் பி.கே.கே.பி. என்பார்கள். புடவுகள் இருந்த ஜூகன் பள்ளத்தாக்கு பூட்டு குன்ட்டி குர்ரமா மக்களின் பகுதியில் வருகிறது. ஜூகன் என்பதே அவர்களுடைய மூதாதை ஒருவரின் பெயர். பள்ளத்தாக்கின் நீர்ச்சுனை பாம்பின் தலை வடிவில் இருப்பதையும், அங்கே முன்னோரின் ஆவிகள் உறைவதையும் நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் அவர்கள் விளக்கிச் சொன்னார்கள்.

பூர்வகுடிகள் ஆங்கிலம் பேசும்போது ‘கன்ட்ரி’ என்ற சொல்லைத் தங்கள் பாணியில் கையாள்வார்கள். நாடு என்று பெயர்த்தால் பொருந்தாது. நிலம், நீர், விலங்கு, முன்னோர், பாட்டு, சடங்கு, பொறுப்பு எல்லாம் அதற்குள் வந்துவிடும். ‘எங்க ஊரு மண்ணு’ என்று நாம் ஒரு குரலில் சொல்வோமே, அது கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் ஊரைவிட்டு வந்தவர்களும் அப்படிச் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடலாம். இவர்களுக்கு அப்படி இல்லை. மண்ணைப் பார்த்துக்கொள்ளும் கடமை ஆள்மேல் இருக்கிறது. அந்த இடம் பாழானால் பழி தன்னைச் சேரும். ‘உங்கள் புராதனச் சின்னம் சேதமாகிவிட்டது’ என்று அவர்களிடம் இரங்கல் சொல்வது அதனால்தான் பாதியளவே பொருந்துகிறது.

1972 சட்டம் பிறந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 1960-களின் கடைசியில் வீபோ என்ற இடத்தில், அலங்காரக் கல் எடுப்பதற்காகப் புனித இடம் ஒன்றில் கைவைத்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அப்புறம் வந்த சட்டம் அது. அந்தக் காலத்துக்கு நல்ல சட்டம் என்றே சொல்ல வேண்டும். அதன் 17-ஆம் பிரிவு, பூர்வகுடி மரபிடத்தைச் சேதப்படுத்துவது குற்றம் என்கிறது. அடுத்த பிரிவு, 18, சேதப்படுத்த வேண்டுமானால் அமைச்சரிடம் சம்மதம் வாங்கிக்கொள் என்கிறது. 17 பூட்டு, 18 சாவி.

சாவியை யார் கேட்கலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘நிலத்தின் உரிமையாளர்’ கேட்கலாம். உரிமையாளர் என்ற சொல்லுக்குச் சட்டம் தந்த விளக்கத்தில் சுரங்கக் குத்தகை வைத்திருப்பவரும் அடக்கம். பூர்வகுடிகள் அதில் வரவில்லை. அமைச்சர் மறுத்தால் உரிமையாளர் மேல்முறையீடு செய்யலாம். அமைச்சர் சம்மதம் தந்துவிட்டால் பூர்வகுடிகளுக்கு மேல்முறையீடு கிடையாது. இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டு நீடித்தது. 2010 தொடங்கி பத்தாண்டுகளில் சுரங்கக் குத்தகை நிலங்கள் தொடர்பாக 460-க்கு மேற்பட்ட 18-ஆம் பிரிவு விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய அத்தனைக்கும் சம்மதம் கிடைத்தது.

எது மரபிடம் என்பதைத் தீர்மானிக்கும் இடத்திலும் கத்தரி வைத்தார்கள். ஓர் இடம் ‘புனிதமானது’ என்று பதிவாக வேண்டுமானால் அங்கே வழிபாட்டுச் செயல் நடக்க வேண்டும், கதையும் பாட்டும் நம்பிக்கையும் இருந்தால் போதாது என்று அதிகாரிகள் ஒரு வழிகாட்டுதலை வைத்துக்கொண்டு, பல இடங்களின் பதிவை நீக்கினார்கள். போர்ட் ஹெட்லண்ட் துறைமுகத்தை ஒட்டிய மாரபிகுரின்யா மக்களின் இடம் ஒன்று இப்படி அடிபட்டபோது வழக்குப் போட்டார்கள். அந்த விளக்கம் தவறு என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்னது. கோயில் மணி அடித்தால்தான் கோயில் என்கிற மாதிரியான பார்வை அது. ஒரு மலையைப் பற்றிய பாட்டே அந்த மலையின் வழிபாடு என்பது அந்த மேஜைகளுக்கு எட்டவில்லை.

இனி ஜூகனுக்கு வருவோம். ரியோ டின்டோவுக்குச் சம்மதம் கிடைத்தது 2013 டிசம்பரில். சம்மதத்துக்குப் பிறகுதான், 2014-ல், முழு அளவிலான அகழாய்வு நடந்தது. போகப்போகிற இடத்திலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்து வைக்கும் வேலை அது. வீடு இடிப்பதற்கு முன் சாமான்களை வெளியே எடுப்பது போல. எடுத்துப் பார்த்தபோது கிடைத்தவைதான் முடிப்பின்னலும் எலும்புக் கருவியும். இடத்தின் மதிப்பு எவ்வளவு என்று உலகுக்குத் தெரிந்தது சம்மதம் கொடுத்த பின்னால். புதிய தகவல் வந்தால் சம்மதத்தைத் திரும்பப் பரிசீலிக்க அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. ஒருமுறை திறந்த பூட்டு திறந்ததுதான்.

விசாரணையில் வெளிவந்த இன்னொரு தகவல் இதைவிட மோசம். சுரங்கக் குழியை எப்படி அமைக்கலாம் என்று நிறுவனத்திடம் நான்கு திட்டங்கள் இருந்தன. அவற்றில் மூன்று, புடவுகளைத் தொடாமலே போகக்கூடியவை. நான்காவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் கூடுதலாக 80 லட்சம் டன் தாது கிடைக்கும். மதிப்பு சுமார் 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர். மற்ற மூன்று வழிகள் இருந்ததையே பி.கே.கே.பி. மக்களிடம் சொல்லவில்லை. ‘கலந்து பேசினோம்’ என்ற வாக்கியம் நிறுவன அறிக்கைகளில் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்துவிட்டு, உங்கள் கருத்தென்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

கடைசி நாட்கள் எப்படிப் போயின என்பதும் பதிவில் இருக்கிறது. ஜூலையில் பூர்வகுடிப் பண்பாட்டு வாரம் வருகிறதே, அப்போது பள்ளத்தாக்குக்குப் போய்வரலாமா என்று மே மாத நடுவில் பி.கே.கே.பி. தரப்பு கேட்டது. அப்படிக் கேட்டபோதுதான், அங்கே வெடி வைக்கும் வேலை தொடங்கிவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்தது. உடனே நிறுத்தச் சொன்னார்கள். கூட்டரசு அமைச்சர் அலுவலகம்வரை வழக்கறிஞர்கள் போனார்கள். குழிகளில் மருந்தை நிரப்பியாகிவிட்டது, இனி வெளியே எடுப்பது ஆபத்து என்று நிறுவனம் சொன்னது. அதே நாட்களில், இவர்கள் தடையாணை வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று தயாராக இருக்க நிறுவனம் வக்கீல்களையும் அமர்த்தியிருந்தது. பிறகு ‘நாங்கள் ஏற்படுத்திய மனவேதனைக்கு வருந்துகிறோம்’ என்ற மாதிரி ஒரு மன்னிப்பு வந்தது. வருத்தம் வேதனைக்குத்தானா, வெடிக்கும் உண்டா என்று அன்றைக்கே கேட்டார்கள்.

பங்குதாரர்களின் அழுத்தம் கூடியதும் தலைமை நிர்வாகி ழான் செபாஸ்டியன் ழாக் உட்பட மூன்று உயரதிகாரிகள் விலகுவதாக 2020 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. ஓய்வூதிய நிதிகள் சத்தம் போட்ட பிறகுதான் நாற்காலிகள் அசைந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் நிறுவனம் ஊக்கத்தொகையை வெட்டியதோடு நிறுத்திக்கொள்ளத்தான் பார்த்தது.

இந்த மக்கள் ஏன் முன்பே ஊரைக் கூட்டிச் சத்தம் போடவில்லை என்று கேட்கலாம். 2011-ல் நிறுவனத்தோடு அவர்கள் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பணமும் வேலைவாய்ப்பும் வரும். பதிலுக்கு, திட்டங்களை எதிர்க்கக் கூடாது, அனுமதியில்லாமல் பொதுவெளியில் பேசக் கூடாது என்ற வகை நிபந்தனைகள் அதில் இருந்தன. இப்படிப்பட்ட வாய்ப்பூட்டு பில்பராவில் சர்வசாதாரணம். சரி, ஏன் கையெழுத்துப் போட்டார்கள்? போடாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால் புரியும்.

1992 ஜூன் 3 அன்று மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொன்னது பெரிய தீர்ப்பு: வெள்ளையர் வந்து இறங்கியபோது இந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கவில்லை, பூர்வகுடிகளின் நில உரிமை இன்னமும் உயிரோடு இருக்கலாம். அடுத்த ஆண்டே பூர்வ உரிமைச் சட்டம் வந்தது. பி.கே.கே.பி. மக்களின் உரிமையை நீதிமன்றம் ஏற்றது 2015-ல். அதாவது புடவைத் தகர்க்கச் சம்மதம் கொடுத்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்குப் பின். ஆனால் இந்த உரிமை கையில் இருந்தாலும் சுரங்கம் வேண்டாம் என்று மறுக்க முடியாது. பேசும் உரிமை மட்டும் உண்டு. ஆறு மாதத்தில் பேச்சு முடியாவிட்டால் நிறுவனம் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே சுரங்கத்துக்கு இல்லை என்று சொன்ன சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணலாம். இன்னொரு சங்கதி: தாதுவின் லாபத்திலோ மதிப்பிலோ பங்கு கொடு என்று தீர்ப்பாயம் உத்தரவிட முடியாது. ஆகவே பேசி ஒப்புக்கொண்டால் கொஞ்சம் கிடைக்கும்; மறுத்து நின்றால் சுரங்கமும் வரும், பங்கும் கிடையாது. அந்த மேஜையில் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வடக்கு ஆட்சிப்பகுதியில் நிலைமை வேறு. அங்கே 1976-ன் நில உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் நிலங்களில், சுரங்க ஆய்வுக்கே ‘முடியாது’ என்று மண்ணின் உரிமையாளர்கள் சொல்லலாம். சொன்னால் ஐந்து ஆண்டுக்கு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. புனித இடங்களைக் கவனிக்கத் தனி ஆணையம் உண்டு. 12 உறுப்பினர்களில் 10 பேரை நில மன்றங்கள் பரிந்துரைக்கின்றன. 2013-ல் பூட்டு கிரீக் மாங்கனீசுச் சுரங்கம் ‘உட்கார்ந்திருக்கும் இரு பெண்கள்’ என்ற புனித இடத்தைச் சிதைத்ததற்காக நீதிமன்றத்தில் நின்று, 1,50,000 டாலர் அபராதம் கட்டியது. புனித இடத்தைச் சிதைத்த குற்றத்துக்காக ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனத்தின்மீது தீர்ப்பானது அதுவே முதல்முறை. தொகை சிறியது. என்றாலும் குற்றவாளிக் கூண்டில் யார் நின்றார்கள் என்பது முக்கியம்.

அந்த மறுப்புரிமையிலும் ஓர் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். ரேஞ்சர் யுரேனியச் சுரங்கத்துக்கு மட்டும் மிரார் மக்கள் மறுப்புச் சொல்ல முடியாது என்று 1976 சட்டத்திலேயே விதிவிலக்கு எழுதப்பட்டது. அந்தச் சுரங்கம் வந்தது. பக்கத்திலேயே ஜபிலுகா என்ற இடத்தில் இரண்டாவது சுரங்கம் தொடங்கப் பார்த்தபோதுதான் 1998-ல் மிரார் மக்கள் வழிமறித்து உட்கார்ந்தார்கள். எட்டு மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து போனார்கள். மூத்த உரிமையாளர் இவோன் மார்கருலாவைத் தன் சொந்த மண்ணில் அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்தார்கள். இதைவிடச் சுருக்கமாக இந்தச் சட்டங்களின் கதையைச் சொல்ல முடியாது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இதற்கும் முன்பே ஒரு மோதல் நடந்திருந்தது. 1980-ல் நூன்கன்பாவில், யுங்நோரா மக்களின் புனித இடத்துக்கருகே எண்ணெய்க் கிணறு தோண்ட மாநில அரசு பிடிவாதமாக நின்றது. சட்டப்படி அனுமதி தர வேண்டிய அருங்காட்சியக அறங்காவலர்கள் மறுத்தார்கள். ஒப்புக்கொள்ளுங்கள் என்று அமைச்சர் ஆணையிட்டார். போலீஸ் காவலோடு லாரிகள் வரிசையாகப் பாலைநிலத்தைக் கடந்து போயின. தோண்டினார்கள். எண்ணெய் இல்லை.

சட்டத்தை விட்டுவிட்டுக் களத்தைப் பார்ப்போம். மரபிட ஆய்வு என்பது பெரும்பாலும் நடப்பதுதான். ஒரு சாலையோ துளையிடும் மேடையோ வருமுன், பெரியவர்களும் இளையவர்களும் ஒரு தொல்லியலாளரும் வரிசையாக இடைவெளி விட்டு நடந்து போவார்கள். தரையில் சிதறிய கற்சில்லு, பட்டையை உரித்தெடுத்த வடு உள்ள மரம், தேய்ந்த அரைகல், பாறையில் கைப்பதிவு. பார்த்தால் நின்று ஜி.பி.எஸ்.ஸில் குறித்து, வண்ண நாடா கட்டி, படம் எடுப்பார்கள். பெரியவர் ஒருவர் ஒரு மேட்டைக் காட்டி ‘அந்தப் பக்கம் போக வேண்டாம்’ என்று மட்டும் சொல்லலாம். தரையில் கல் ஒன்றும் இருக்காது. அதையும் அறிக்கையில் சேர்த்தாக வேண்டும். வண்டி, சாப்பாடு, கூலி எல்லாம் பெரும்பாலும் நிறுவனத்தின் செலவு. அறிக்கை எப்போது வேண்டும் என்ற கெடுவும் நிறுவனத்தினுடையது. ஒரே பெரியவரை மாதம் பல ஆய்வுகளுக்குக் கூப்பிடுவார்கள். நாற்பது டிகிரி வெயிலில் எழுபது வயதுக்காரர் எத்தனை நாள் நடப்பார்?

அதைவிடச் சிக்கலானது ரகசியம். சில இடங்களின் கதையை ஆண்கள் மட்டும் அறியலாம், சிலவற்றைப் பெண்கள் மட்டும். சடங்கு வழியாகத் தகுதி பெற்றவருக்கே சொல்ல வேண்டிய அறிவு அது. அரசாங்கமோ, இடத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அது ஏன் முக்கியம் என்று எழுதிக் கொடு என்கிறது. சொன்னால் வழக்கம் கெடும், சொல்லாவிட்டால் இடம் போகும்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹின்ட்மார்ஷ் தீவில் நடந்தது இதற்கு மறக்க முடியாத உதாரணம். நாரிஞ்சரி மக்கள் அதைக் குமராங்க் என்பார்கள். அந்தத் தீவுக்குப் பாலம் கட்டப் போனபோது, அது பெண்களுக்கான ரகசிய அறிவோடு தொடர்புடைய இடம் என்று நாரிஞ்சரிப் பெண்கள் சிலர் சொன்னார்கள். விவரத்தைப் பெண்கள் மட்டுமே படிக்க வேண்டும் என்று முத்திரையிட்ட உறையில் கொடுத்தார்கள். கூட்டரசு அமைச்சர் ராபர்ட் டிக்னர் 1994-ல் பாலத்துக்கு 25 ஆண்டுத் தடை போட்டார். அந்த ரகசிய ஆவணங்களின் பிரதி எதிர்க்கட்சி அரசியல்வாதி இயன் மக்லாக்லனின் அலுவலகத்துக்குத் தவறிப் போய்ச் சேர்ந்தது. விவகாரம் வெடித்து 1995 மார்ச்சில் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு டிசம்பரில், பெண்கள் சொன்னது இட்டுக்கட்டிய கதை என்று மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையமான ராயல் கமிஷன் முடிவு சொல்லிவிட்டது; அந்தப் பெண்களோ கமிஷன் முன்பு சாட்சி சொல்லவே மறுத்திருந்தார்கள். ரகசியத்தைச் சொல்லாததால் ரகசியமே பொய் ஆகிவிட்டது. 2001-ல் பாலம் திறந்தார்கள். அதே ஆண்டில், இட்டுக்கட்டியது என்று தன்னால் ஏற்க முடியவில்லை என்று கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ஒருவர் தீர்ப்பெழுதினார். அதற்குள் கார்கள் பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

இத்தனைக்கும் பிறகு ஜூகன் தந்த அதிர்ச்சியில் எல்லாம் மாறும் என்று நம்பினார்கள். நாடாளுமன்றக் கூட்டுக் குழு 2020 டிசம்பரில் இடைக்கால அறிக்கையையும் 2021 அக்டோபரில் இறுதி அறிக்கையையும் தந்தது. நாடு முழுமைக்கும் பொதுவான வலுவான கூட்டரசுச் சட்டம் வேண்டும் என்றது. மேற்கு ஆஸ்திரேலியா தன் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021 டிசம்பரில் புதுச் சட்டம் நிறைவேற்றி, 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 18-ஆம் பிரிவு போயிற்று. ஆனாலும் தகராறு வந்தால் கடைசி வார்த்தை அமைச்சருடையது என்பது மாறவில்லை. பூர்வகுடித் தலைவர்கள் பலர் தொடக்கத்திலேயே அதைக் கண்டித்தார்கள்.

அந்தச் சட்டம் ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. 1,100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் வைத்திருப்பவர் சில வேலைகளுக்கு அனுமதி வாங்க வேண்டியிருக்கும் என்றதும் விவசாயிகள் கொதித்துவிட்டார்கள். வேலிக்கம்பம் நடவும் மரக்கன்று வைக்கவும் அனுமதியா என்ற பேச்சு பரவியது. பெரும்பகுதி மிகைதான். ஆனால் விதிமுறைகள் குழப்பமாகவும் கடைசி நேரத்திலும் வந்தன என்பதும் உண்மை. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ‘குரல்’ என்ற பூர்வகுடி அமைப்பு ஒன்றை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்ற வாக்கெடுப்பு அக்டோபரில் வரவிருந்த நேரம் வேறு. ஆகஸ்ட் 8 அன்று மாநில முதல்வர் ரோஜர் குக் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1972 சட்டம் சில ஒட்டுப் போட்டுத் திரும்ப வந்தது. ஒட்டுகள் பயனற்றவை என்று சொல்ல மாட்டேன்: அமைச்சரின் முடிவை எதிர்த்துப் பூர்வ உரிமை பெற்றவர்களும் இப்போது மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்; புதிய தகவல் கிடைத்தால் அமைச்சருக்குத் தெரிவித்தாக வேண்டும். இரண்டாவது விதி 2014-ல் இருந்திருந்தால் அந்தப் பின்னல் கிடைத்த அன்றே கதை மாறியிருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜூகனைத் தகர்த்தது உலகின் பெரிய சுரங்க நிறுவனங்களில் ஒன்று. சட்டத்தைக் கவிழ்த்ததோ கொல்லையில் குழி வெட்டுபவரின் பயம். பில்பராவின் பெரிய குழிகளுக்கு ஒரு விதி, வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு விதி என்று தெளிவாகப் பிரித்து எழுதாமல் விட்டதற்குக் கொடுத்த விலை இது.

அதே பில்பராவின் கடலோரத்தில் முருஜுகா. அங்கே இருக்கும் பாறைச் செதுக்கல்கள் பத்து லட்சத்துக்கு மேல் என்பது கணிப்பு. கருஞ்சிவப்பாக இறுகிய பாறைத் தோலைக் கல்லால் கொத்திக் கொத்தி, உள்ளேயிருக்கும் வெளிர் நிறம் தெரிய வைத்த படங்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அற்றுப்போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகளான தைலசின் என்ற வரிவிலங்கும் அவற்றில் இருக்கிறது. அந்த மண்ணின் யபுரரா மக்கள் 1868-ல் படுகொலைக்கு ஆளானார்கள். இன்று ஐந்து மொழிக் குழுவினர் சேர்ந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். எரிவாயு ஆலை கட்டும்போது படம் செதுக்கிய பாறைகளைப் பெயர்த்து வேலிக்குள் கொண்டுபோய்ப் போட்ட கதையும் இங்கேதான். 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் முருஜுகா சேர்ந்தது. ஆலைகளின் புகை பாறைத் தோலை அரிக்கிறதா என்ற வழக்காட்டம் பட்டியலோடு முடிந்துவிடவில்லை.

தெற்கே விக்டோரியாவில் குன்டிஜ்மாரா மக்களின் பட்ஜ் பிம்மை நினைத்தால் கொஞ்சம் மனம் லேசாகிறது. எரிமலைக் குழம்பு உறைந்த கல்லை வெட்டியும் அடுக்கியும் வாய்க்காலும் மதகும் கட்டி விலாங்கு வளர்த்திருக்கிறார்கள், 6,600 ஆண்டுகளுக்கு முன்னால். 2019-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் காட்டுத்தீ பிடித்து, புல்லும் புதரும் எரிந்து தணிந்தபோது, அதுவரை மறைந்திருந்த இன்னொரு வாய்க்கால் தெரிந்தது. நீளம் சுமார் 25 மீட்டர். தீயை அணைக்கும் வேலையில் அந்த மக்களின் ரேஞ்சர்களும் நின்றிருந்தார்கள். விக்டோரியாவில் பதிவு பெற்ற பூர்வகுடி அமைப்புதான் பெரும்பாலான மரபு மேலாண்மைத் திட்டங்களை ஏற்கும், மறுக்கும். அமைச்சர் மேஜைக்குப் போகும் முன்பே இடத்துக்கு ஓர் ஆள் இருக்கிறார்.

ஜபிலுகாவில் ஏற்கெனவே குடைந்திருந்த சுரங்கப் பாதையை 2003-ல் மூடினார்கள். வெளியே எடுத்துக் குவித்த தாதுவைத் திரும்ப உள்ளே கொட்டினார்கள். மிரார் மக்கள் சம்மதிக்காமல் அங்கே சுரங்கம் வராது என்று 2005-ல் ஒப்பந்தம் ஆனது. எழுதியது சுரங்க நிறுவனம்தான். சட்டம் தராத மறுப்புரிமையைத் தாளில் எழுதி வாங்கினார்கள். 2024-ல் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்து, அந்த நிலத்தைக் ககடு தேசியப் பூங்காவோடு சேர்க்கப்போவதாகக் கூட்டரசு அறிவித்தது.

ஜூகனில் இடிபாடுகளை அகற்றி மறுபடி அகழாய்வு நடத்தியிருக்கிறார்கள். இந்தமுறை கேட்டவர்களும் முன்னால் நின்றவர்களும் பி.கே.கே.பி. மக்கள். 2025-ல் ரியோ டின்டோவும் அவர்களும் கூட்டு மேலாண்மை ஒப்பந்தம் போட்டார்கள். அவர்கள் நிலத்தில் சுரங்கத்தை எங்கே, எப்படி அமைப்பது என்ற பேச்சில் வரைபடம் போடும் கட்டத்திலேயே அவர்களும் உட்காருவார்கள் என்பது அதன் சாரம். நான்கு திட்டம் இருந்தால் நான்கையும் அவர்கள் பார்ப்பார்கள்.